உடைப்பில் உட்கார்ந்தவர்

எண்ணிப் பார்க்க முடியாத எதையும் நான் நம்பியதில்லை, கணக்கு வாத்தியாராக இருந்தவன். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி மருதமுத்து பாகிஸ்தான் சண்டையில் இறந்தவன். கூட இருந்தவர்கள் தப்பிப் போகும்வரை இடத்தைவிட்டு அசையவில்லை என்று அவனுக்கு வீர் சக்ரா கொடுத்தார்கள். உடம்பு வரவில்லை, பதக்கம்தான் வந்தது. கழக ஆட்சியில் அவன் மனைவி அஞ்சலைக்குத் திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு ஏக்கர் உபரி நிலம் தந்தார்கள். அந்த நிலத்தைப் பறிகொடுத்த மிராசுதாருக்கு அது பொறுக்கவில்லை. போன போகத்தைத் தண்ணீர் விடாமல் காயவைத்தார். இந்தத் தடவையும் விளையாவிட்டால் பட்டா ரத்து என்று தாசில்தார் சொல்லிவிட்டார்.

ஐப்பசி மழையில் வாய்க்கால் கரைமுட்ட ஓடிய ஒரு மத்தியானம், மிராசுதாரின் ஆட்கள் கரையை வெட்டிவிட்டார்கள். இளம் பயிர், மூழ்கினால் அழுகிப் போகும். நானும் அஞ்சலையும் பக்கத்து வயல் கோவிந்தனும் அவன் மனைவி செல்லம்மாவும் ஓடினோம். உடைப்பு பெரிதானால் ஒருவர் அதில் உட்கார்ந்து உடம்பால் தண்ணீரைத் தடுப்பார், மற்றவர்கள் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள், கழுத்துவரை மண் ஏறியதும் அவர் கை நீட்டுவார், தூக்கிவிடுவோம், அதுதான் வழக்கம். நாங்கள் போகும்போதே ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகம் வாய்க்கால் பக்கம்.

"முதுகா இது, கொட்டாய்க் கதவாட்டம்ல இருக்கு," என்றாள் செல்லம்மா.

மழை கண்ணை மறைத்தது. கொட்டிக்கொண்டே இருந்தோம். உடைப்பு அடைபட்டது. தலை எண்ணாமல் கரையேறக் கூடாது என்பதால் எண்ணினேன். நாலு.

"வாத்தியாரே, நீங்க கூட்டியாந்த ஆளு எங்க?" என்றான் கோவிந்தன்.

"நான் எங்கப்பா கூட்டியாந்தேன்? ஒன் மச்சினன்னுல்ல நெனச்சேன்."

யாரும் கை நீட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தோண்டினால் பயிரும் பட்டாவும் போகும், ஆனால் உள்ளே ஒரு மனிதன். மண்வெட்டியை ஓங்கினேன். அஞ்சலை உடைப்பின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"வேணாம் மாமா."

"உசுரும்மா, நகரு."

"எனக்குத் தெரியாத முதுகா மாமா? அடைச்சு முடியாம எந்திரிக்கிற ஆளா அவுரு?"

நான் தோண்டவில்லை. ஊர் ஊராக விசாரித்தேன், காணாமல் போனவர் யாரும் இல்லை. அந்தப் போகம் விளைந்தது, பட்டா நின்றது.

கோடையில் வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கிறது, மண்வெட்டியும் கையில்தான் இருக்கிறது, தோண்டிப் பார்க்கத் துணிவில்லை. வருஷா வருஷம் கரை நெடுக நண்டு வளைகளை எண்ணி அடைக்கிறேன். அந்த ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் எண்ண ஒன்றும் இருப்பதில்லை.