மக்காச்சோளக் காட்டில் செத்த மயில்கள்

"மாப்ள, உங்க அத்தை மயிலோட வாயைப் பொளந்து வெஷம் ஊத்துனாங்களாமே?" என்று பெரம்பலூரிலிருந்து நண்பன் பிரசாத் போனில் கேட்டான். அவன் பார்க்கவில்லை. அவன் கொழுந்தியாள் போனுக்கு வீடியோ வந்திருக்கிறதாம், அவள் சொன்னாளாம்.

உடனே அத்தையைக் கூப்பிட்டேன். சிங்கப்பூரில் இருப்பவனால் வேறு என்ன செய்ய முடியும்?

"ஊத்துனது புளித்தண்ணிடா. வெஷத்த மொத நாளே வச்சிட்டேன்" என்றார்.

சிந்தாமணி அத்தைக்கு அரும்பாவூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் குத்தகை நிலம். மாமா இறந்த பிறகு தனியாளாக மக்காச்சோளம் போடுகிறார். ஊரில் அவரோடு சண்டை போடாத ஆள் குறைவு. மொபெட்டில் கோழிகளைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு போன வியாபாரியை மறித்து, "ஒன்னயக் கட்டித் தொங்க வுட்டா சொகமா இருக்குமாடா?" என்று கேட்டு, நடுரோட்டில் கட்டவிழ்க்க வைத்தவர். அவர்தான் மயிலைக் கொன்றிருக்கிறார்.

இந்த வருடம் விதைத்ததும் மயில்கள் கூட்டமாக இறங்கி, மண்ணைக் கிளறி விதையைப் பொறுக்கித் தின்றன. மறுபடி விதைத்தார். மறுபடி தின்றன. வன அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, "வெரட்டுங்கம்மா, ஆனா அடிச்சிராதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை விதைத்த அன்று, பூச்சிமருந்து கலந்த சோளத்தை வரப்போரம் இறைத்துவிட்டு வந்தார்.

காலையில் போனபோது மூன்று மயில்கள் செத்துக் கிடந்தன. ஒரு பெட்டை மட்டும் தலையைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. ஆடு எதையாவது தின்று மயங்கினால் எங்கள் பக்கம் புளியைக் கரைத்துப் புகட்டுவார்கள். அத்தை வீட்டுக்கு ஓடி, கரைத்து எடுத்துவந்து, அதை மடியில் கிடத்தி ஊற்றினார். அதுவும் செத்தது. பக்கத்துக் காட்டு ஆர்த்தி, காலேஜ் பெண், அந்த நேரம் பார்த்து வீடியோ எடுத்துவிட்டாள்.

அந்த வீடியோவுக்குக் கீழே வந்து விழுந்த வசவுகளைப் படித்தேன். 'இவளைத் தூக்கில் போடு' என்று எழுதியவன் இங்கே சிங்கப்பூரில் இருக்கிற தமிழன். இந்த ஊரில் புறாவுக்குப் பிடி அரிசி போட்டாலே அபராதம். அதைப் பற்றி அவன் மூச்சு விடமாட்டான். மயிலின் உயிர் பெரிதுதான், மறுக்கவில்லை. அந்த உயிருக்குத் தன் சாப்பாட்டிலிருந்து ஒரு பருக்கைகூடத் தராதவர்கள் பேசுவதைத்தான் சகிக்க முடியவில்லை.

வக்கீல் ராஜேஷ் ஒரு வழி சொன்னார். "வெதச்ச வெதையில மருந்து இருந்துச்சு, மயிலு தானாக் கெளறித் தின்னுருச்சுன்னு சொல்லச் சொல்லுங்க சார். இல்லன்னா வருஷக்கணக்கா உள்ள போயிருவாங்க."

நேற்று அத்தையிடம் கெஞ்சினேன்.

"அது மடியில கெடந்து சாவறத நாந்தாண்டா பாத்தேன். தானாத் தின்னு செத்துச்சுன்னு எந்த வாயால சொல்றது?"

"சரி, உண்மையவே சொல்லுங்க. தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்த…"

"எதுக்கு? கோழிக்கு வலிச்சா கேக்க நா இருக்கேன். எனக்கு வலிச்சா எவன் வந்தான்? அடுத்த வருசமும் வந்து தின்னா அடுத்த வருசமும் வைப்பேன்."

"அத்தை! அத மட்டும் வனத்துறைக்காரங்ககிட்ட சொல்லாதீங்க. கும்புட்டுக் கேக்கறேன்."

"கேட்டா சொல்லுவேன். நீ போயி வேலையப் பாரு, ஏசியில ஒக்காந்துக்கிட்டு" என்று வைத்துவிட்டார்.

இப்போது பிரசாத்திடமிருந்து செய்தி: வனத்துறை ஜீப் அத்தை வீட்டு வாசலில் நிற்கிறது, ஊரே கூடி வேடிக்கை பார்க்கிறது.

மீட்டிங்கிலிருந்து எழுந்து மாடிப்படிக்கு வந்து கூப்பிட்டேன். முழு மணியும் அடித்து ஓய்ந்தது. அவர்களிடம் அத்தை வாயைத் திறப்பதற்குள் ஒரே ஒரு முறை போனை எடுக்க வேண்டும். மறுபடி போட்டிருக்கிறேன். அடித்துக்கொண்டிருக்கிறது.