ஈரல்களுக்கு நடுவே ஒளிந்தவன்

எங்கள் ஆய்வுகூடத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஆட்களே கிடையாது. பேராசிரியையே கம்பளிச் சட்டையோடு சைக்கிளில்தான் வருவார். ஆகவே ஒருநாள் காலை கழுத்துப்பட்டி கட்டிய இருவர் வாசலில் நின்றபோது, என்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். வதிவிட அனுமதி சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது. கால்களுக்கு அது தெரியவில்லை.

அந்த வருடங்களில் எங்கள் ஆட்களுக்கு எல்லாமே அப்படித்தான். குடும்பத்தைக் கூப்பிடக் கேட்ட தமிழர்களின் விண்ணப்பங்களை டேனிஷ் அமைச்சு அசையாமல் வைத்திருந்தது. அடுத்தது எங்களையே திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று நாங்கள் குடியிருந்த இஷொய் மாடிவீடுகளில் வாரத்துக்கொரு வதந்தி. என் மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தாள். எனக்கு வேலை இருந்தால்தான் அவளை விடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வேலையோ, பேராசிரியை கேட்டிருந்த ஆய்வுநிதி வந்தால்தான் நீளும்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. கிரீன்லாந்திலிருந்து உறைந்து வரும் கடல்நாய் ஈரல்களை வெட்டி, அரைத்து, போத்தலில் அடைப்பது. சுரங்கக் கழிவு, கப்பல் எண்ணெய், காற்றோடு வடக்கே போகும் பாதரசம் என்று ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் கொஞ்சம்தான். எல்லாம் ஒரே விலங்குக்குள் வருடக்கணக்காகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் பேராசிரியையின் கேள்வி.

நான் ஓடி ஒளிந்தது அந்த ஈரல்கள் இருக்கும் குளிர் அறைக்குள். வேறெங்கே ஒளிந்திருந்தாலும் தப்பியிருப்பேன். கதவு திறந்தது. “எங்கள் மாதிரிகள் எல்லாம் இங்கேதான்” என்று பேராசிரியை டேனிஷில் சொல்லிக்கொண்டு நின்றார். பின்னால் கையில் கோப்பியோடு அந்த இருவரும். நிதிக்குழுவினராம். நான் ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி, மீசையில் பனியோடு.

“என்ன செய்கிறாய்?” என்றார் பேராசிரியை.

“எண்ணுகிறேன்.”

“எத்தனை?” என்றார் கழுத்துப்பட்டிகளில் ஒருவர், மிகுந்த மரியாதையோடு.

“இன்னும் முடியவில்லை.”

நிதி போயிற்று, வேலை போயிற்று, மனைவியும் வரப்போவதில்லை என்று ரயிலில் வரும்போதே அழுது முடித்துவிட்டேன். என்னோடு ஒரே வீட்டில் இருந்த அண்ணை கதையைக் கேட்டு, சோற்றுக் கையோடு சிரித்தார்.

“உன்னைப் பிடிக்க வாறவங்கள் கழுத்துப்பட்டி கட்டி, கோப்பியும் குடிச்சுக்கொண்டோடா நிப்பாங்கள்?”

“காசு தரமாட்டாங்கள் அண்ணை.”

“ஓமோம். விசரனை வேலைக்கு வைச்சிருக்கிற இடத்துக்கு ஆர் காசு குடுப்பான்?”

சில வாரங்கள் கழித்துப் பேராசிரியை என் மேசையருகே வந்து உட்கார்ந்தார். நிதி வந்திருந்தது, பாதரசத்தை ஆராய மட்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது சிக்கலாம். ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார்களாம்.

“என் வேலை?”

“இருக்கிறது. நீ எண்ணி முடிக்க வேண்டுமே” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். அந்த முகத்தின் முன்னால் எனக்குத் துள்ளிக் குதிக்க மனம் வரவில்லை.

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“வேலை நீடிச்சிட்டுது.”

“அப்ப என்னை விடுவினமோ?”

“கேட்டனான். இன்னும் பாக்கினமாம்.”

வேறு வழியில்லாமல் குளிர் அறைக் கதையை எடுத்துவிட்டேன். சிரித்தாள், பிறகு இருமினாள்.

“நான் வந்தாப்பிறகு ஆருக்குப் பயந்து ஒளிப்பியள்?”

“முதல் நீர் வாரும்” என்றேன்.

மறுநாள் காலை பாதரசத்துக்கான போத்தல்களைக் கழுவத் தொடங்கினேன்.