இறங்கு என்று சொன்னவர்

என் மாமனார் ராணுவத்தில் மேஜர் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றவர். பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் ‘ஜெனரல் வீடு’ என்று சொன்னால்தான் வண்டி சரியாக வந்து சேரும். எண்பதுகளின் நடுவில் ஏரிக்குப் பக்கத்தில் மனை வாங்கிக் கட்டிய வீடு அது. மழைக்காலத்தில் ஏரி எங்கள் கேட் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அப்போதும் அவர் விடியற்காலை ஐந்தரைக்கு முழங்கால் தண்ணீரில் வாக்கிங் போவார். நான் அங்கே மருமகளாகப் போனபோது தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வகுப்பில் நான் நுழைந்தால் நாற்பது பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். வீட்டில் அவர் இருமினால் நான் எழுந்து நிற்பேன்.

அவருடைய வாழ்க்கை பெரிய வாழ்க்கைதான். எனக்கு அவர்மேல் கோபம் உண்டு என்பதற்காக அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ரயில்வே கேட் கீப்பரின் மகன். தாம்பரத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸில் பிறந்து, தெருவிளக்கில் படித்து, பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனவர். மூன்று சண்டைகளைப் பார்த்தவர். இடது தோளில் குண்டு துளைத்த தழும்பு இருந்தது. பத்தாயிரம் பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்த காலம் ஒன்று இருந்தது. ரிடையர் ஆன பிறகு அந்தப் பத்தாயிரம் பேருக்குப் பதிலாக நானும், என் கணவரும், ஒரு வேலைக்காரம்மாவும் கிடைத்தோம். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் கணவர் கண்ணாடி போட்டவர் என்பதால் ராணுவத்தில் எடுக்கவில்லை. திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையை நடத்திவந்தார். அதை மாமனார் கடைசிவரை மன்னிக்கவில்லை. “உன் நட்டு போல்ட்டெல்லாம் எப்படி இருக்கு?” என்றுதான் மகனை விசாரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சரியாக ஒரு மணிக்குச் சாப்பாடு. மீன் குழம்பு. அதோடு ஒரு கதை. ஏழெட்டுக் கதைகள் வைத்திருந்தார், மாற்றி மாற்றி வரும். அவருக்கு ரொம்பப் பிடித்தது கோவளத்துப் பையன் கதை.

வடகிழக்கு மலையில் அவர் பிரிகேடியராக இருந்த காலம். வெள்ளம். ஆற்று நடுவில் ஒரு லாரி கவிழ்ந்து, ஐந்து ஜவான்கள் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். யாராவது கயிற்றோடு நீந்தி அவர்களிடம் போகவேண்டும். இருட்டுவதற்குள் போகவேண்டும். அவருடைய பாதுகாப்புக்கு வந்த சிப்பாய்களில் ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். சில நாட்களுக்கு முன்னால் இவர் ஊர் விசாரித்தபோது கோவளம் என்று சொல்லியிருந்தான். நம்ம ஊர்ப் பக்கத்துப் பையன், மீனவன் வீட்டுப் பிள்ளை. அவனைக் கூப்பிட்டார். “டேய் கோவளம், கடல் பார்த்தவனுக்கு இதெல்லாம் வாய்க்கால்டா. இறங்கு” என்றார். அவன் சல்யூட் அடித்துவிட்டு இறங்கினான்.

இந்த இடத்தில் மாமனார் ரசக் கரண்டியை மேஜையில் குறுக்கே வைப்பார். அதுதான் ஆறு. உப்புக் கிண்ணம் பாறை. விரலை நகர்த்திப் பாதிக் கரண்டி வரை கொண்டுபோவார். பிறகு விரலை எடுத்துவிடுவார். கயிறு தளர்ந்தது, இழுத்துப் பார்த்தால் வெறும் கயிறு வந்தது. உடம்பு கிடைக்கவே இல்லை.

“என்கிட்ட இருந்ததிலேயே நல்ல நீச்சல்காரனை அனுப்பினேன். அதுக்கு மேல ஒரு கமாண்டர் என்ன பண்ண முடியும்?” என்று முடிப்பார். அந்த ஐந்து பேர் என்ன ஆனார்கள் என்று கல்யாணமான புதிதில் நான் ஒருமுறை கேட்டேன். மோரை ஊற்றிக்கொண்டே, “மறுநாள் காலையில தண்ணி தானா வடிஞ்சுது. நடந்தே வந்துட்டாங்க” என்றார். பிறகு நான் கேட்கவில்லை.

அந்தக் கதையோடு நாங்கள் சாப்பிட்ட மீனும் கோவளத்து மீன்தான். சில மாதங்களாக ஒரு மீன்காரி எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கூடையைப் பார்த்துவிட்டு ஏற்றமாட்டேன் என்கிற கண்டக்டர்களிடம் சண்டை போட்டு, இரண்டு பஸ் மாறி வருவாள். வழியில் எத்தனையோ ஊர் இருக்க, இவ்வளவு தூரம் ஏன் வருகிறாள் என்று நான் யோசித்ததில்லை. சங்கரா மீன் புதிதாக இருந்தது, அது போதும் எனக்கு. எங்கள் கேட்டுக்கு எதிரில்தான் கூடையை இறக்குவாள். மீனை ஆய்ந்துகொண்டே கண்ணை உள்ளே ஓட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீனை என் பாத்திரத்தில் போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே மடிப்பு மடிப்பாகக் கிழிந்த ஒரு கடிதம்.

“ஐயா கீறாராம்மா? இந்தக் கடுதாசி அவரு எழுதினதாம். எங்கூர் சர்ச் பள்ளிக்கூடத்து வாத்தியாரு கையெழுத்தைப் பார்த்துச் சொன்னாரு. ஐயா இந்த ஊர்ல கீறாருன்னு கண்டுபுடிக்கவே எனக்கு ஒரு வருசம் ஆச்சு.”

ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். மாமனாரின் சாய்ந்த எழுத்து. உங்கள் கணவர் கடமையில் இருந்தபோது ஆற்றைக் கடக்கையில் காணாமல் போனார், தேடுதல் தொடர்கிறது என்று இருந்தது. படித்ததும் எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கரண்டியில் பாதி தூரம் போய்க் காணாமல் போகிறவனின் மனைவி என் வாசலில் நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே போய்ச் சொன்னேன். மாமனார் செய்தித்தாளை மடித்தார். “பென்ஷன் விஷயமா இருந்தா பட்டாளத்துக்காரங்க சங்கத்துக்கு மனு போடச் சொல்லு” என்றார். நானும் அதையே நினைத்துத்தான் வெளியே வந்து சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“பணம் அது பாட்டுக்கு வந்துகினு கீதும்மா. பணம் கேட்டா வந்தேன்? அவரு செத்தாரா, ஓடிப்போனாரா? அத்தைச் சொல்லச் சொல்லு. என் பொண்ணுக்கு ஒரு எடம் வந்துகீது. மாப்ள வூட்ல கேக்கறாங்க. ஊர்ல அதை ஓடிப்போனவன் பொண்ணுன்னுதான் சொல்லிக்கினு கீறாங்க. எம் மாமியாரும் அப்டித்தான் சொல்லுது, எம்புள்ள எங்கியோ உசுரோட கீறான்னு.”

மறுபடி உள்ளே போனேன். “உடம்பு கிடைக்கல. ரூல்படி மிஸ்ஸிங். அதுக்கு மேல நான் எதுவும் சொல்லக்கூடாது. நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிடு” என்றார். பத்தாயிரம் பேரை நடத்தியவர், ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஐயா வெளியூர் போயிருக்கிறார் என்று சொன்னேன். அதற்கு அடுத்த ஞாயிறும் சொன்னேன். அதற்கடுத்ததும். அவள் ஒவ்வொரு முறையும் சரிம்மா என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போவாள். எனக்குத் தெரியும், அவன் செத்துவிட்டான் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்ல என் வாய்க்கு என்ன கேடு? வீட்டுப் பெரியவர் சொல்லாததை மருமகள் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நான்காவது ஞாயிறு என்னால் தாங்க முடியவில்லை. “ஆத்துல போனார்னு கடுதாசியில இருக்கே. அதை நீங்க நம்பலையா?” என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். “அதாம்மா நம்ப முடியல. அவரு தண்ணில எறங்கவே மாட்டாரு. நீச்சல் தெரியாது. மூணு வயசுல அவங்கப்பாவைக் கடல் எடுத்துக்கினு போச்சு. அன்னிலேர்ந்து தண்ணின்னாலே பயம். கட்டுமரத்துல ஏத்தினா வாந்தி எடுப்பாரு. குப்பமே கேலி பண்ணும். அது தாங்காமத்தான் பட்டாளத்துக்கே போனாரு. அந்த ஆளு ஆத்துல எறங்கினாருன்னா எவ நம்புவா?”

சாப்பாட்டு நேரத்தில் மாமனார் அன்றைக்கும் கரண்டியைக் கையில் எடுத்தார். “மாமா, அந்தப் பையனுக்கு நீச்சல் தெரியாதாம்” என்றேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். அவள் சொன்னது மொத்தத்தையும் சொன்னேன். என் கணவர் என் காலை மேஜைக்கடியில் மிதித்தார். நான் நிறுத்தவில்லை.

மாமனார் கரண்டியை ரசத்துக்குள் திரும்ப வைத்தார். “கோவளம்னு சொன்னான்” என்றார். மறுபடியும் அதையே சொன்னார். கை கழுவ எழுந்தவர் தட்டைத் தொடவே இல்லை என்பதை நான் பிறகுதான் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க வாக்கிங் போகவில்லை.

அடுத்த ஞாயிறு மீன்காரியின் குரல் கேட்டதும் அவரே கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனார். அவள் எழுந்து நின்றாள்.

“உன் புருஷன் ஓடிப்போகலம்மா. ஆத்துல போயிட்டான். நான் பார்த்தேன். நான்தான் இறங்கச் சொன்னேன்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அழவில்லை. “அவருக்குத்தான் நீச்சல் தெரியாதே சார்” என்றாள்.

“என்கிட்ட அவன் சொல்லலையேம்மா.”

“நீ கேட்டியா சார்?”

‘நீ’ என்று அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். “இத்தை எங்கூர்ல வந்து சொல்லு சார். என் மாமியாராண்ட சொல்லு. மாப்ள வூட்டுக்காரங்களாண்ட சொல்லு. நான் சொன்னா எவன் நம்புவான்?” என்றாள்.

போனார். அதற்காக அவரைப் பாராட்டவேண்டும். வாடகைக் கார் பிடித்து, கோட்டு போட்டு, மெடல்களைக் குத்திக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன். கோவளம் குப்பத்தில் படகுகளுக்குப் பக்கத்தில் ஓலைப் பந்தல் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மீன்காரியின் மாமியார் ஒரு ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. கல்யாணப் பெண் பாட்டிக்குப் பின்னால் நின்றாள்.

மாமனார் நின்றபடி பேசினார். இந்த ஊர்ப் பையன் நாட்டுக்காக உயிரை விட்டான், தைரியசாலி, ஐந்து பேரைக் காப்பாற்ற ஆற்றில் இறங்கினான் என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கதையேதான், கரண்டி மட்டும் இல்லை. முடித்ததும் பின்னால் ஒரு ஆள் எழுந்தான்.

“சார், நீ பெரிய ஆளு, ஒத்துக்கறோம். மெடல்லாம் போட்டுக்கினு வந்துகீறே. ஆனா அவன் தண்ணில எறங்கினான்னு சொல்றே பாரு, அதான் பேஜாரா கீது. இந்தக் குப்பத்துல யாரை வேணா கேளு. வேற எவனையோ பார்த்துக்கினு இவன்னு சொல்றே.”

எல்லோரும் சிரித்தார்கள். பெண் முகத்தை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், எழுந்து போகப் போகிறார் என்று தெரிந்தது. மீன்காரி மாமனாரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு வார்த்தை அவர் சொல்லாவிட்டால் அவளுக்கு அன்றோடு எல்லாம் முடிந்தது.

மாமனார் அதட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கிழவியிடம் போனார். முட்டிவலிக்காரர், மெல்ல அவள் எதிரில் மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அம்மா, கயித்தை அவன் இடுப்புல நான்தான் கட்டினேன். அவன் நடுங்கினான். என் கைக்குத் தெரிஞ்சுது. பல்லு கிட்டிச்சு. குளிருன்னு வெளிய சொல்லிக்கிட்டேன். குளிர் இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். பயந்த சிப்பாய் எப்படி நடுங்குவான்னு எனக்குத் தெரியாதா? அவன் ஆத்தைப் பார்க்கவே இல்ல, என் மூஞ்சியையே பார்த்தான். நான் இறங்குன்னேன்.”

இந்தப் பகுதியை நான் எந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்டதில்லை.

கிழவி முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். “எறங்கறப்போ மூக்கைப் பொத்திக்கினானா?” என்று கேட்டாள்.

மாமனாரின் வாய் கோணியது. “ஆமாம்மா. ஒரு கையால மூக்கைப் பொத்திக்கிட்டான். கண்ணையும் மூடிக்கிட்டான்.”

“தலைக்கு ஒரு செம்புத் தண்ணி ஊத்தினாலும் அப்டித்தான் பொத்திக்குவான். அப்போ எம்புள்ளதான்” என்றாள் கிழவி. வலையை மடியிலிருந்து தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். மீன்காரி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, இத்தனை வருஷத்து அழுகையையும் அங்கேயே அழுதாள். மாப்பிள்ளையின் அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். குப்பத்துப் பெண்கள் ஒவ்வொருவராக ஓடிவந்து அவர்களைச் சுற்றிக்கொண்டார்கள்.

என் மாமனார் எழுந்திருக்க முடியாமல் மணலில் கையை ஊன்றிக்கொண்டு இருந்தார். யாரும் அவருக்குக் கை கொடுக்கவில்லை. நானும் போகவில்லை.