செத்த ராஜா சொறியலாமா?

விசைப்படகு மெக்கானிக் கஸ்பாருக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கீமோ ஏறிக்கொண்டிருந்தது. தலையில் ஒரு முடி இல்லை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

ஆப்பிளோடு பார்க்க வந்தான் மச்சினன் ஜெரோம். ஊரில் மாதா கோயில் திருவிழா நாடகம் அப்போதுதான் முடிந்திருந்தது. போர்க்களத்தில் செத்து விழும் ராஜா வேடம் வருடாவருடம் கஸ்பாருடையது.

“இந்தத் தடவ யாருலே ராஜா?”

“நான்தான் அத்தான்.”

“வீடியோவக் காட்டு.”

செல்போனில், செத்துக் கிடந்த ராஜா கொசு கடித்ததும் காலைச் சொறிந்தார்.

கஸ்பார் ஊசி குத்திய கையோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஏலே, செத்த பொணம் சொறியுமாலே? மானமே போச்சு!”

சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவந்தாள்.

“சிஸ்டர், அடுத்த திருவிழாவுக்குள்ள என்னைய எப்படியாவது எழுப்பி நிறுத்திருங்க. எங்க ஊர்ல ஒழுங்காச் சாவத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்!”