காயாத மீன்

நாங்கள் குடியேறிய பனிநாட்டில், ரொம்மன் என்ற பகுதியில், எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள முதியோர் நிலையத்தில் ஓவியக் கண்காட்சி. அதற்கான விதிகளை எழுதிக் கொடுத்தவன் நான். நகராட்சியில் விதிகளோடு குடித்தனம் நடத்தியவனுக்கு ஓய்வு என்பது ஒரு பேச்சுக்குத்தான். காயாத படம் ஏற்கப்படாது. படங்களைத் தேர்வுசெய்யும்போது வரைந்தவரின் உறவினர் அறையில் இருக்கக்கூடாது.

என் மனைவி அங்கே எண்ணெய் வண்ணம் பழகுகிறாள். மேற்கத்திய முறையில் எண்ணெய் வண்ணம் தீட்டத் தொடங்கிய பழைய ஜப்பானிய ஓவியர் ஒருவரைப் பற்றி ஆசிரியை சொல்லியிருக்கிறார். வண்ணக்கடை இல்லாத ஊரில், கைக்கு எட்டிய எண்ணெயைக் குழைத்தே அவர் சமாளித்தாராம். மனைவி அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டாள். ஆளிவிதை எண்ணெய் முடிந்த அன்று, அடுப்படியிலிருந்து நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். அவளுடைய முதல் படம் அது: பாதி வெட்டிய சால்மன் மீன். ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து பார்க்கும்படி கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

"காஞ்சிட்டுதோ எண்டு தொட்டுப் பாருங்கோ."

தொட்டேன். விரலோடு செதில் வந்தது.

"இஞ்சாரும், நல்லெண்ணெய் காயாது."

"அந்த மனுசன் செய்தவர்தானே."

"அவர் நல்லெண்ணெய் விட்டவர் எண்டு ஆர் சொன்னது?"

"விடேல்லை எண்டு ஆர் சொன்னது?"

தேர்வு நாளில் விதிப்படி வெளியேறினேன். உள் கண்ணாடிக் கதவு என் பின்னால் பூட்டிக்கொண்டது. அதைத் திறக்கும் அட்டை மேலங்கியில், மேலங்கி உள்ளே. வெளிக்கதவுக்கு அப்பால் பனி. இரண்டு கதவுகளுக்கும் நடுவே நின்று பார்த்தேன். ஆசிரியை படத்தைத் தொட்டார், விரலை முகர்ந்தார், தலையாட்டினார். பிறகு கண்ணாடி வழியாக என்னைச் சுட்டிக்காட்டினார். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

அவசரப்படாமல் தன் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, படத்தோடு வந்து கதவைத் திறந்தாள்.

"மணம் நல்லா இருக்காம். ஆனா விதி விதிதானாம்."

"ஞாயிற்றுக்கிழமை வாறவைக்கு என்ன சொல்லப் போறீர்?"

"வீட்டை வரச் சொல்லப் போறன். எங்கடை வீட்டிலை உங்கடை விதி இல்லைத்தானே."

ஞாயிறன்று படத்தை வரவேற்பறையில் கதிரை ஒன்றில் சாய்த்து வைத்தாள். பக்கத்துக் கதிரையில் என்னை இருத்தினாள்.

"ஒருத்தரும் தொடக்கூடாது. பாத்துக்கொள்ளுங்கோ."

கோயில் முழுவதும் வந்தது. மன்னார்க்காரர் ஒருவர் மீனுக்கு நேராக விரலை நீட்டியபடி கேட்டார், "காஞ்சிட்டுதோ அண்ணை?"

"இல்லை, தொடாதேங்கோ."

அவர் போனதும் அடுத்தவர் விரலை நீட்டினார். தேத்தண்ணீர் எனக்குக் கதிரைக்கே வந்தது. குடிக்கக் கை ஒழியவில்லை.