சாலாக் செலாத்தானில் ஒரு ஸ்டேடியம்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஹோம் தியேட்டர் பைத்தியம் பிடித்தது. அப்போது நானும் மனைவியும் சாலாக் செலாத்தானில் ஒரு மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் இருந்தோம். எங்கள் ஹாலில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் சமையலறையில்தான் நிற்க வேண்டும். அந்த ஹாலுக்கு முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் அதிர்வதற்கென்றே ஒரு கறுப்புப் பெட்டி.

படம் போட்டால் குறையே சொல்ல முடியாது. ஹெலிகாப்டர் என் பின்மண்டையில் கிளம்பி டிவிக்குள் போய் இறங்கும். கீழ்வீட்டுச் சீன ஆன்டி துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையைத் தட்டிப் பாராட்டுவார். பாட்டுப் போட்டால்தான் வினை. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் தேடி வாங்கிய பழைய பாட்டு சிடியை முதல் நாள் போட்டதும், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, அந்தம்மா பாத்ரூம்ல நின்னு பாடறாங்களா?"

மெஷினில் 'ஸ்டேடியம்' என்று, பெரிய மைதானத்தில் கேட்பதுபோல எதிரொலி சேர்க்கும் ஒரு பட்டன் உண்டு. கடையில் அமுக்கி விட்டிருந்தார்கள், நானும் பெருமையாக அப்படியே வைத்திருந்தேன். காசு கொடுத்து வாங்கிய ஸ்டேடியத்தை யாராவது அணைப்பார்களா? "உனக்கு இதெல்லாம் புரியாது" என்றேன்.

கல்யாணத்துக்கு முன் அவள் தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில், ரேடியோ செட் செய்யும் ஃபேக்டரியில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். ஒவ்வொரு செட்டையும் சோதித்து அனுப்புவதுதான் அவள் வேலை. இந்த விவரம் எனக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்றுதான் தோன்றவில்லை. நான் நிபுணரைக் கூப்பிட்டேன்.

நிபுணர் என்றால் என் மச்சான், அவளுடைய அண்ணன். கிள்ளானில் துறைமுக அலுவலகத்தில் கிளார்க். ஆடியோ பத்திரிகைகளை ஒன்றுவிடாமல் படிப்பவர். வந்தார், கண்ணை மூடினார், கைதட்டினார், எதிரொலியைக் கேட்டார்.

"ரூம்தான் பிரச்சனை லா. சுவருக்கு முட்டை அட்டை ஒட்டணும்."

ரொட்டிக்கடைக்காரரிடம் கெஞ்சி முப்பது முட்டை அட்டை வாங்கி ஒட்டினேன். வரவேற்பறை கோழிப்பண்ணை மாதிரி ஆனது. ஒரே வாரத்தில் அட்டைக் குழிகளில் கரப்பான்பூச்சிகள் குடியேறின. பாத்ரூம் பாட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறு மச்சான் ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கக் கருங்கல் பலகை கொண்டுவந்தார். மூன்று மாடி தூக்கியதில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "இப்பக் கேளு, சவுண்டு எப்படித் திறந்திருக்கு!" என்றார். எனக்கு எதுவும் திறந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். காது சரியில்லாதவன் என்று பெயர் வாங்க யாருக்குத்தான் ஆசை?

மூன்றாவது ஞாயிறு, வயர். சுண்டுவிரல் தடிமனில், கண்ணாடி மாதிரி உறை போட்ட வயர். பழைய வயரைப் பிடுங்கிவிட்டு அதை மாட்டினார். பாட்டைப் போட்டோம். இருந்த தபேலாவும் காணாமல் போனது. பாடகியின் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. தண்ணீருக்கடியில் கேட்கிற மாதிரி இருந்தது.

"பாஸ், அந்தத் தும் தும் சத்தம், குறைஞ்சிருச்சே மச்சான்?"

"குறையல, சுத்தமாயிருக்கு. நீ கேட்டது எல்லாம் அழுக்கு பாஸ். வயர் பழக மூணு வாரம் ஆகும்."

வயருக்கும் புது மருமகளைப் போலப் பழகும் காலம் உண்டென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவர் கிளம்பியதும் மனைவி ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப்பார்த்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா கோபப்படமாட்டீங்களே?"

"சொல்லு."

"இந்த வயர்ல இருக்கிற ரெண்டு இழையும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு இழையில மட்டும் சின்னதா கோடு இருக்கு பாருங்க. இடது ஸ்பீக்கர்ல கோடு போட்டது சிவப்புத் துளையில மாட்டியிருக்கு, வலதுல கறுப்புத் துளையில மாட்டியிருக்கு. ஒரு ஸ்பீக்கர் காத்தை முன்னால தள்ளுறப்ப இன்னொண்ணு பின்னால இழுக்குது. அப்புறம் எப்படிங்க தபேலா கேக்கும்? எங்க லைன்ல இப்படி ஒரு செட் போச்சுன்னா சூப்பர்வைசர் எல்லார் முன்னாலயும் வச்சுத் திட்டுவாரு."

மெஷினை அணைத்து, வலது ஸ்பீக்கரின் வயரைக் கழற்றி மாற்றி மாட்டினாள். தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து முன்பக்க இடது, வலது ஸ்பீக்கர் இரண்டுக்கும் சோபாவுக்கும் உள்ள தூரத்தை அளந்தாள். இரண்டையும் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்து, ஒரே உயரத்தில் வைத்தாள். கடைசியாக ஸ்டேடியத்தை அணைத்து 'ஸ்டீரியோ' என்ற பட்டனை அமுக்கினாள். நடு ஸ்பீக்கரும் பின்பக்க ஸ்பீக்கர்களும் வாய் மூடின.

"இப்பப் போடுங்க."

போட்டேன். பாடகி டிவிக்கு நேர் மேலே வந்து நின்றாள். இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் புல்லாங்குழல். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு முன் அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. எத்தனையோ வருடமாகக் கேட்ட பாட்டு, அந்த மூச்சை நான் கேட்டதே இல்லை. கண் கலங்கிவிட்டது. இடுப்பு வலி என்று சமாளித்தேன். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உனக்குப் புரியாது" என்று சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "டீ போடட்டா?" என்று மட்டும் கேட்டேன். எங்கள் வீட்டில் நான் டீ போடுவது அதற்குச் சமம்.

மறு ஞாயிறு மச்சான் வந்தார். கண்ணை மூடிக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா? வயர் பழகிடுச்சு!"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "ஆமாண்ணே, ஒரு வாரத்துலயே பழகிடுச்சு."

மச்சானின் புகழ் பரவியது. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சொந்தக்காரர் புது செட் வாங்கி, சவுண்டு சரியில்லை என்று அவரைக் கூப்பிட்டிருந்தார். துணைக்கு நானும் போவதாக ஏற்பாடு. கிளம்பும் முன் மச்சான் எனக்கு போன் செய்தார். பத்திரிகை, வயர், கருங்கல் எல்லாவற்றையும் பற்றி நெடுநேரம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"வரும்போது தங்கச்சியையும் கூட்டிட்டு வா லா."