தாசையனின் அரை கிளாஸ் சாயா

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பஸ்கள் வளைந்து திரும்பும் மூலையில் இருக்கிறது தாசையனின் சாயாக்கடை. வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி அவர் சாயா அடிப்பதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். ஆனால் தான் அடித்த சாயாவில் ஒரு வாய்கூட அவர் குடிப்பதில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனிதருக்குத் தண்ணீரே அளவோடுதான்.

"மாஸ்டரே, உங்க சாயா உங்களுக்கே பிடிக்கலையா?" என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள்.

"நான் குடிக்கத் தொடங்கினா உங்களுக்கு மிச்சம் இருக்காதுடே" என்பார்.

வாரத்தில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். பக்கத்துத் தனியார் மருத்துவமனையில், அரசின் காப்பீட்டு அட்டையால் அது இலவசமாக நடந்தது. இயந்திரம் ஓடும் முதல் மணி நேரத்தில் மட்டும் அரை கிளாஸ் சாயாவுக்கு அனுமதி உண்டு. பாறசாலைக்காரியான நேசமணி சிஸ்டர்தான் அந்தச் சலுகையைத் தந்தவர். அந்த அரை கிளாஸைத் தாசையன் கோயில் பிரசாதம்போல வலது கையில் ஏந்திக் குடிப்பார். வள்ளியூரிலிருந்து பிழைக்க வந்தவனுக்கு இந்த ஊர் ஒரு அட்டை கொடுத்து உயிரையும் கொடுத்ததே என்று நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் கண் நிறைந்துவிடும்.

ஒரு நாள் சிஸ்டர் கட்டிலருகே வந்து நின்றார். முகம் சரியில்லை.

"அண்ணே, அடுத்த திங்கள்கிழமையில இருந்து இங்க கார்டு எடுக்க மாட்டாங்க. கார்டுக்காரங்களுக்கு அரசு தரவேண்டிய பைசா ரொம்ப நாளா வரல்ல. தாங்க முடியலைன்னு மேனேஜ்மெண்ட் சொல்லியாச்சு."

"அப்ப நான் எங்க போவேன் சிஸ்டரே?"

"எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டு விளிச்சுப் பாத்தேன். எங்கேயும் இடமில்ல." சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டயாலிசிஸ் நின்றால் என்ன ஆகும் என்று தாசையனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கடைக்குத் திரும்பியவர் மனைவி செல்வமணியை அடுப்பருகே அழைத்து, சாயா அடிக்கும் பிடிபோட்ட குவளையை நீட்டினார்.

"இங்க வா. இந்த மக்கை இப்படிப் பிடி. கையை நல்லா ஒசத்தணும்."

"எனக்கு எதுக்கு இதெல்லாம்? நீங்கதான் இருக்கீங்கள்லா."

அவர் மக்கை அவள் விரல்களுக்குள் வைத்து மூடினார். அந்தப் பிடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மக்கைத் தூக்கித் தரையில் வீசினாள்.

"நான் படிக்க மாட்டேன். நீங்க போறதுக்கு என்னைத் தயார் பண்ணுதீங்களா? கடை மூடிக் கெடந்தாலும் செரி, நான் இதைத் தொடமாட்டேன்."

மறுநாள் தாசையன் பால் கேனைத் தூக்கும்போது, சாப்பாடு கொண்டுபோகும் பையோடு பைக்கில் சாய்ந்து நின்ற ஒருவன் ஓடிவந்து அதைப் பிடுங்கினான்.

"அண்ணாச்சி, இடது கையால வெயிட் தூக்கப்பிடாது. டயாலிசிஸ் கையாக்கும் இது. நரம்பு அடைஞ்சுபோச்சுன்னா ஊசி குத்த முடியாது."

"உனக்கு எப்படித் தெரியும் தம்பி?"

"எத்தனை பேர் கையில குத்தியிருக்கேன். நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். பேரு அஜின்."

"பின்ன எதுக்குடே இந்தப் பை?"

"இது அன்னன்னைக்குக் காசு தருது. ஆஸ்பத்திரி தரல்ல."

மலைப்பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் அவன் தற்காலிக ஊழியனாக இருந்தவன். காப்பீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வரும் பணத்தில்தான் அங்கே அவனைப் போன்றவர்களுக்குச் சம்பளம். அந்தப் பணம் நின்றதும் சம்பளம் நின்றது. அவன் வெளியேறியதும் அவன் பார்த்த காலை ஷிஃப்டும் நின்றது.

"மிஷினு?"

"மிஷினுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. அந்த நேரத்துல துணி போட்டு மூடி வெச்சிருப்பாங்க."

இயந்திரம் அங்கே துணிக்குள் தூங்குகிறது. அதை ஓட்டுகிறவன் இங்கே தாசையனின் கடையில் சாயா குடிக்கிறான். நடுவில், உயிருக்காக ஏங்கி நிற்கிறார் அவர். தாசையன் அன்றே விதுரா பஸ் பிடித்து அந்த மருத்துவமனைக்குப் போய்ச் சூப்பிரண்டு டாக்டரம்மாவின் அறை முன்னால் காத்து நின்றார்.

டாக்டரம்மா அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "நிலுவையில கொஞ்சம் இப்பத்தான் வந்தது. ஷிஃப்டைத் திரும்பத் தொடங்கலாம்னுதான் இருக்கேன். ஆனா டெக்னீஷியன் யாரும் வர மாட்டேங்கறாங்க. அஜின் போன் எடுக்கறதே இல்ல."

"அவன் என் கடை முன்னாலதான் நிக்கான் டாக்டர்."

டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார். "கூட்டிட்டு வாங்க. முதல் இடம் உங்களுக்கு."

ஆனால் கடைக்குத் திரும்பி வந்து சொன்னதும் அஜின் முடியாதென்று தலையை ஆட்டிவிட்டான். "போன தடவையும் இதையேதான் சொன்னாங்க அண்ணாச்சி. வீட்டுல அம்மையும் தங்கச்சியும் இருக்கு. நான் பட்டது போதும்."

தாசையனுக்கு அவனைக் குறைசொல்ல வாய் வரவில்லை. வயிறு எல்லாருக்கும் உண்டுதானே. அவர் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டார். செல்வமணிதான் முன்னால் வந்தாள்.

"தம்பி, இவரு எனக்கு சாயா அடிக்கப் படிப்பிச்சுத் தாறாரு. எதுக்குன்னு உனக்குத் தெரியும்லா?"

அஜின் அவளைப் பார்த்தான். கையிலிருந்த சாயா கிளாஸை வாய் வைக்காமலே வைத்துவிட்டுப் பைக்கைக் கிளப்பிப் போய்விட்டான். அவன் போன திசையைப் பார்த்தபடி அவள் அழுதாள். தாசையன் அந்தக் கிளாஸைக் கழுவி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடை மூடும் நேரத்தில் அதே பைக் வந்து நின்றது. பின்னால் பை இல்லை.

"அண்ணாச்சி, நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கு வந்திருங்க. நேரம் பிந்தினா எனக்குக் கோவம் வரும், இப்பவே சொல்லிட்டேன்."

தாசையன் அவன் கைகளைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"பைசா திரும்பவும் நின்னுபோச்சுன்னா என்னடே செய்வே?" என்று கேட்டார்.

"நின்னா டயாலிசிஸ்காரங்க உங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போய் அரசு ஆபீஸ் வாசல்ல உக்காருவேன். சாயா செலவு உங்களோடது."

திங்கள்கிழமை விடியுமுன்னே செல்வமணி அடுப்பை மூட்டினாள். தரையில் வீசிய மக்கைத் தேய்த்துக் கழுவிக் கையில் எடுத்தாள்.

"தொடமாட்டேன்னு சொன்னே?"

"நீங்க திரும்பி வாறீங்கன்னா அடிப்பேன். கடையை நான் பாத்துக்கிடுதேன். போயிட்டு வாங்க."

மருத்துவமனையில் அஜின் இயந்திரத்தின் மேலிருந்த துணியை உதறி மடித்து வைத்தான். ஊசி ஏறியது. தாசையனின் ரத்தம் குழாயில் ஓடி, சுத்தமாகித் திரும்பி வரத் தொடங்கியது. அவர் பிளாஸ்கைத் திறந்து அஜினுக்கு ஒரு கிளாஸும் தனக்கு அரை கிளாஸும் ஊற்றினார்.

அஜின் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "அண்ணாச்சி, இது உங்க கை இல்லையே. நுரையே இல்ல."

"என் வீட்டுக்காரி அடிச்சது. கை இன்னும் ஒசரல்ல" என்றார் தாசையன்.

அந்த அரை கிளாஸை இன்று இரண்டு கைகளாலும் ஏந்தத் தோன்றியது; ஆனால் இடது கையில் ஊசி இருந்தது. வலது கையால் மட்டும் எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. அஜினும் பார்க்காததுபோலக் குழாய்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.